மோட்டார் பாடும் சுருதி: உங்கள் கம்ப்யூட்டரே சோதனைக் கருவி!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள்? பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள், பெயரை டைப் செய்து பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் தனியாகக் காசு கொடுக்காமலே ஒரு அளவுக் கருவியும் அந்தப் பெட்டியோடு உங்கள் வீட்டிற்கு வந்திருக்கிறது. அதுதான் மைக்ரோபோன். லேப்டாப் என்றால் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் ஹெட்செட்டோடு வரும். இதனை வைத்து ஒரு சிறிய பொம்மைக் கார் மோட்டாரின் வேகத்தை அளக்கலாம். அதன் வயிற்றுக்குள் எந்தக் காயில் கெட்டுப் போயிருக்கிறது என்று மோப்பமும் பிடிக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

நீல நிறக் கார்

விருத்தாசலத்திற்குப் பக்கத்தில் உள்ள கருவேப்பிலங்குறிச்சியில் என் அக்கா வீடு இருக்கிறது. அத்தான் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். சென்ற முறை வந்தபோது பிள்ளைகளுக்கு ஸ்லாட் கார் செட் ஒன்று வாங்கி வந்தார். ரயில் தண்டவாளம் போல் துண்டு துண்டாக இணைக்கும் பிளாஸ்டிக் பாதை. அதன் நடுவே ஒரு பள்ளம். பள்ளத்தின் இரு பக்கமும் உலோகப் பட்டைகள். காரின் அடியில் உள்ள கம்பிப் பின்னல் அந்தப் பட்டைகளை உரசி மின்சாரம் எடுத்துக் கொள்ளும். கையில் உள்ள விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். இந்த விளையாட்டு புதிதல்ல. இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் 1957ல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது இன்று வரை விற்பனையில் இருக்கிறது.

செட்டில் இரண்டு கார்கள். சிவப்பு தங்கைக்கு. நீலம் அப்பாவுடையது. அப்பா ஊரில் இல்லாததால் அவர் சார்பில் அண்ணன்காரன் ஓட்டுவான். ஞாயிறுதோறும் போனில் அத்தான், "இந்த வாரம் யாரு ஜெயிச்சா?" என்று கேட்பார். "உங்க வண்டிதான்பா" என்று இவன் சொல்வான். நான் போயிருந்தபோது அக்கா தனியாகச் சொன்னாள். நீலக் கார் மூன்று மாதமாக நொண்டிக் கொண்டுதான் ஓடுகிறதாம். நின்று விட்டால் சில சமயம் விரலால் தள்ளினால்தான் கிளம்புமாம்.

"மாமா, நீங்க கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே, இதைச் சரி பண்ணிக் குடுங்க" என்று காரை நீட்டினான். நான் எழுதுவது சாப்ட்வேர். மோட்டாரைக் கல்லூரிப் பரிசோதனைச் சாலைக்குப் பிறகு தொட்டதில்லை. வேறு மோட்டார் வாங்கிப் போட்டு விடலாமா என்றேன். "வேணாம் மாமா, இது அப்பா வாங்கினது" என்றான். ஆகவே பழுது எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

உள்ளே என்ன இருக்கிறது?

கட்டை விரல் அளவே உள்ள அந்த டப்பாவில் முக்கியமானவை நான்கு. முதலாவது, டப்பாவின் உள் சுவரில் ஒட்டிய இரண்டு காந்தங்கள். பெரும்பாலான சிறு மோட்டார்களில் இவை பெரைட் காந்தங்கள். இரும்பு ஆக்சைடு பொடியோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்டியம் சேர்மத்தைக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுப்பது. அதாவது காந்தமும் ஒரு செராமிக் பொருள்தான்! பீங்கானுக்குப் பெயர் பெற்ற, செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியே உள்ள விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆர்மேச்சர். சுழலும் பகுதி இதுதான். மூன்று இரும்புக் கைகள். ஒவ்வொன்றிலும் மயிரிழை போன்ற எனாமல் பூசிய செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். மூன்றாவது கம்யூட்டேட்டர். அச்சின் முனையில் மூன்று துண்டுகளாக உள்ள செம்பு வளையம். நான்காவது பிரஷ். வளையத்தை இரு பக்கமும் தொட்டுக் கொண்டு மின்சாரம் கொடுக்கும் இரு முனைகள்.

ஆர்மேச்சர் சுழலும்போது பிரஷ் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டிற்கு மாறும். மூன்று துண்டு, இரண்டு பிரஷ். எனவே ஒரு முழுச் சுற்றுக்கு 6 முறை மின்சாரம் பாதை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் மோட்டார் மெல்லியதாக ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டுகள் சேர்ந்து வருவதுதான் நம் காதில் விழும் "ஙீ..." என்ற ஒலி. இந்த 6 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இதுதான் சாவி.

ஆடாசிட்டியில் பதிவு செய்திடுங்கள்

ஆடாசிட்டி என்பது இலவச ஒலிப்பதிவு புரோகிராம். 2000ஆம் ஆண்டில் முதலில் வெளியானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். அதன் சொந்த இணையத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள்.

மோட்டாரைக் காரிலிருந்து வெளியே எடுத்து விடுங்கள். காரிலேயே வைத்தால் பற்சக்கரச் சத்தமும் கலந்து குழப்பும். இரண்டு பென்டார்ச் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் 3 வோல்ட் கிடைக்கும். அது போதும். மோட்டாரை ஒரு துணி மடிப்பின் மீது வைத்து ஓட விட்டு, மைக்கை நான்கு விரற்கடை தள்ளி வைத்திடுங்கள். ஆடாசிட்டியில் சிவப்பு வட்ட பட்டனை அழுத்தி 10 விநாடி பதிவு செய்து நிறுத்துங்கள். பதிவின் நடுப்பகுதியில் ஒரு 5 விநாடி அளவுக்கு மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். பின்னர் அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்திடவும். ஒரு விண்டோ திறக்கும். அதில் சைஸ் என்ற இடத்தில் 16384 எனத் தேர்ந்தெடுங்கள். மலைத் தொடர் போல ஒரு வரைபடம் கிடைக்கும். உயரமான சிகரத்தின் அருகே மவுஸைக் கொண்டு சென்றால் அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று கீழே காட்டும்.

இங்கே நான் அரை மணி நேரம் ஏமாந்தேன். மோட்டார் காதைத் துளைக்கிறது, பதிவிலோ ஒன்றுமில்லை. முதல் அரை விநாடி மட்டும் ஒலி, பிறகு அமைதி. மைக் கெட்டு விட்டது என்றே நினைத்தேன். காரணம் வேறு. இன்றைய லேப்டாப்கள் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக, மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று கருதி அழித்து விடுகின்றன. நமக்கு வேண்டியதே அந்தச் சீரான ஒலிதான்! விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸ் சென்று, உங்கள் மைக்கின் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆப் செய்திடுங்கள். லேப்டாப் நிறுவனம் தனியாகக் கொடுத்துள்ள நாய்ஸ் கேன்சலிங் புரோகிராம் இருந்தால் அதனையும் நிறுத்துங்கள்.

இன்னொரு சந்தேகம் வரலாம். தெரிகின்ற சிகரம் மோட்டாருடையதா, கம்ப்யூட்டர் விசிறியுடையதா? ஒரு பேட்டரியைக் கழற்றி 1.5 வோல்ட்டில் மீண்டும் பதிவு செய்யுங்கள். மோட்டாரின் சிகரம் இடது பக்கம் நகர்ந்து விடும். விசிறியின் சிகரமும், மின் இணைப்பிலிருந்து வரும் 50, 100 ஹெர்ட்ஸ் முனகலும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கணக்கு இவ்வளவுதான்

சிகரத்தின் ஹெர்ட்ஸ் அளவை 6ஆல் வகுத்தால் ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். அதனை 60ஆல் பெருக்கினால் ஒரு நிமிடத்திற்கான சுற்று. இரண்டையும் சேர்த்தால், ஹெர்ட்ஸை 10ஆல் பெருக்கினால் போதும். 

சிவப்புக் காரின் மோட்டார் 450 ஹெர்ட்ஸ் காட்டியது. அதாவது நிமிடத்திற்கு 4,500 சுற்று. நீலம் 360 ஹெர்ட்ஸ், 3,600 சுற்று. வேகம் குறைவு என்பது கண்ணுக்கே தெரிந்ததுதான். ஆனால் நீலத்தின் வரைபடத்தில் சிவப்பில் இல்லாத வேறொன்று இருந்தது. 120 ஹெர்ட்ஸில் நெட்டையாக இன்னொரு சிகரம்.

360ல் மூன்றில் ஒரு பங்கு 120. இதன் பொருள் என்ன? ஒவ்வொரு மூன்றாவது தட்டும் மற்ற இரண்டைப் போல் இல்லை. மோட்டாரில் மூன்று என்று இருப்பது காயில்கள்தான். மூன்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். ஆர்மேச்சர் ஒரு பக்கம் கனமாக இருந்து ஆடினால் சுற்றுக்கு ஒரு தட்டு, அதாவது ஆறில் ஒரு பங்கான 60 ஹெர்ட்ஸில் சிகரம் உயர்ந்திருக்கும். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே இவ்வளவு தெரிந்து விட்டது.

மூன்று ஊர், மூன்று ரோடு

சந்தேகத்தை உறுதி செய்ய மல்டிமீட்டர் வேண்டும். மோட்டாரின் பின் மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு மடிப்புகளை நிமிர்த்தினால் மூடி வந்து விடும். பிரஷ் வளையாமல் மெதுவாக இழுக்கவும். மூடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று முன்பே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொள்ளுங்கள்.

மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தக் கணக்கு. எல்லா அளவிலும் அதனைக் கழித்து விட வேண்டும். பிறகு கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளை இரண்டிரண்டாகத் தொட்டு அளவெடுங்கள். மொத்தம் மூன்று அளவுகள். மூன்றும் ஏறத்தாழ சமமாக இருந்தால் ஆர்மேச்சர் நலம்.

நீலக் காரில் கிடைத்தவை 9, 9, 18 ஓம். "பதினெட்டு இருக்கிற காயில்தான் மாமா ஸ்ட்ராங்கு" என்றான் பையன். அப்படித்தான் தோன்றும். உண்மை நேர் எதிர்.

கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம், பெண்ணாடம் மூன்றையும் முக்கோணமாக நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் ரோடு உண்டு. ஆர்மேச்சரிலும் இதே அமைப்புதான். மூன்று துண்டுகள் மூன்று ஊர்கள். மூன்று காயில்கள் மூன்று ரோடுகள். ஒவ்வொரு ரோடும் 9 ஓம் என்று கொள்வோம். எல்லா ரோடும் நன்றாக இருந்தால், இங்கிருந்து விருத்தாசலம் போக நேர் ரோடும் உண்டு, பெண்ணாடம் சுற்றிப் போகும் ரோடும் உண்டு. மின்சாரம் இரண்டிலும் பிரிந்து போகும். எனவே தடை குறைந்து 6 ஓம் என்று காட்டும். மூன்று ஜோடிக்கும் அதே 6தான்.

இப்போது விருத்தாசலம் நேர் ரோடு அறுந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். அங்கே போக ஒரே வழி பெண்ணாடம் சுற்றுவதுதான். 9 கூட்டல் 9, ஆக 18. மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் நேர் ரோடு மட்டுமே மிச்சம். சுற்று வழி அடைபட்டு விட்டது. ஆகவே 9, 9. மீட்டர் காட்டியதும் இதுவே. அதிக எண் காட்டும் ஜோடிக்கு நடுவில் உள்ள காயில்தான் அறுந்தது.

மூன்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை விடக் குறைவாகக் காட்டினால் அந்தக் காயிலுக்குள் எனாமல் கருகி ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். அது மோட்டாரைச் சூடாக்கும். கடைசியாக, ஒவ்வொரு துண்டிற்கும் நடு அச்சுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது.

நாற்சந்திக் கடையில்

காயில் முழுதும் மாற்ற வேண்டும் என்றால் அத்தனை சன்னக் கம்பிக்கு எங்கே போவது? ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று உண்டு. போர்வெல் மோட்டார்கள்தான் அவர்களுக்கு வேலை. ஆர்மேச்சரை மூடி, பேட்டரி கொடுத்து, கடைக்காரர் காதருகே வைத்தேன். கம்ப்யூட்டர் வரைபடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விநாடி கேட்டு விட்டு, "மூணுல ஒண்ணு நொண்டுது தம்பி" என்றார். எனக்கு ஒரு புரோகிராமும் ஒரு மணி நேரமும் தேவைப்பட்டது. அவருக்குக் காது போதுமானதாக இருந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். காயில் உள்ளே அறுகவில்லை. கம்யூட்டேட்டர் துண்டின் கொக்கியில் மாட்டும் இடத்தில்தான் கம்பி முறிந்திருந்தது. ஒரு சுற்றைப் பிரித்து நீளம் எடுத்து, பிளேடால் எனாமலைச் சுரண்டி, கொக்கியில் மாட்டி, ஈயம் வைத்தார். சால்டரிங் முனை ஒரு விநாடிக்கு மேல் அங்கே நிற்கவில்லை. அதிக நேரம் வைத்தால் வளையத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகி விடுமாம். இருபது ரூபாய் வாங்கிக் கொண்டார். மீட்டரில் 6, 6, 6.

நம் ஊர்க் கைகளுக்கு மோட்டார் புதிதில்லை. இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார், 1937ல் கோவை பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் செய்தது என்பார்கள். பாலசுந்தரம் பின்னர் தொடங்கிய டெக்ஸ்டூல் நிறுவனமும் கோவையின் மோட்டார், பம்ப் தொழிலும் அதிலிருந்து வளர்ந்தவை.

டியூனிங்: எது வேண்டும், எது வேண்டாம்?

பழுது நீங்கிய பிறகு ஓட்டத்தை மெருகேற்றலாம். பந்தயத்திற்கு ஸ்லாட் கார் ஓட்டுபவர்கள் செய்வதில் நம்மால் முடிந்தவை இவை.

1. சுத்தம்: கம்யூட்டேட்டர் துண்டுகளின் இடைவெளியில் கரிப்பொடி சேர்ந்திருக்கும். பல் குத்தும் குச்சியால் நீக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்திடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

2. சமநிலை: இரண்டு ஷேவிங் பிளேடுகளை விளிம்பு மேல் நோக்கி, சம மட்டத்தில், இணையாக நிற்க வைத்து அதன் மேல் ஆர்மேச்சரின் அச்சை வைத்திடுங்கள். கனமான கை தானாகக் கீழே உருண்டு வரும். எதிர்ப் பக்கத்தில் துளி எபாக்ஸி பசை தடவி, காய்ந்த பின் மீண்டும் பாருங்கள். எப்படி வைத்தாலும் அப்படியே நின்றால் சமநிலை வந்து விட்டது. பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது.

3. பழக்குதல்: சுத்தம் செய்த மோட்டாரை உடனே முழு வேகத்தில் விரட்டாமல் 1.5 வோல்ட்டில் சிறிது நேரம் ஓட விடுங்கள். பிரஷ் வளையத்தின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து நன்றாகப் பொருந்தும்.

4. டைமிங்: கம்யூட்டேட்டரைச் சிறிது திருப்பி வைத்தால் ஒரு திசையில் வேகம் கூடும். ஆனால் மின்சாரமும் சூடும் சேர்ந்து கூடும். எதிர்த் திசையில் வேகம் குறையும். போட்டி மோட்டார்களில் இதனைச் செய்வார்கள். வீட்டு மோட்டாரில் கை வைக்காதீர்கள்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மறுபடி பதிவு செய்து அளவைக் குறித்து வைப்பது அவசியம். லிப்ரேஆபிஸ் கால்க் போன்ற இலவச ஸ்பிரெட்ஷீட்டில் முதல் பத்தியில் செய்த வேலை, இரண்டாவதில் ஹெர்ட்ஸ் என்று அமைத்திடுங்கள். மூன்றாவது பத்தியில் சமக் குறி போட்டு, ஹெர்ட்ஸ் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து, பெருக்கல் குறியும் 10ம் டைப் செய்து என்டர் தட்டினால் நிமிடச் சுற்று வந்து விடும். எங்கள் பட்டியலில் நீலக் கார் பழுதோடு 3,600. ஈயம் வைத்த பின் 4,300. சுத்தம் செய்து பழக்கிய பின் 4,400. சமநிலையைச் சரி செய்தது வேகத்தைக் கூட்டவில்லை. 73 ஹெர்ட்ஸ் அருகே இருந்த சிறு சிகரம்தான் தணிந்தது. எதைச் செய்ததால் எது மாறியது என்று எண்ணால் தெரிவது தனி திருப்தி.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

மோட்டார் வயரை எக்காரணம் கொண்டும் கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகாதீர்கள். மோட்டாரிலிருந்து எழும் மின் துடிப்பு சவுண்ட் கார்டைக் கெடுத்து விடும். மைக் ஒலியைக் கேட்டால் மட்டும் போதும்.

யு.எஸ்.பி. துளையில் 5 வோல்ட் இருக்கிறதே என்று அதிலிருந்து மோட்டாரை ஓட்டாதீர்கள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரக் கூடியது. மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைத் தாண்டி விடலாம்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் மிக்ஸி, பம்ப் போன்றவற்றைத் திறக்கவே வேண்டாம். ஆனால் அவை நன்றாக இருக்கும்போது தூர நின்று பத்து விநாடி ஒலியைப் பதிவு செய்து, தேதி போட்டு சேவ் செய்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று மீண்டும் பதிவு செய்யுங்கள். பழைய வரைபடத்தில் இல்லாத புதுச் சிகரம் முளைத்திருந்தால் பேரிங் போன்ற ஏதோ ஒன்று தேயத் தொடங்கியிருக்கலாம். மெக்கானிக்கை முன்கூட்டியே அழைக்கலாம்.

பழகிப் பார்க்க மோட்டார் இல்லையா? கெட்டுப் போன பழைய சி.டி. டிரைவ் கிடைத்தால் தட்டை வெளியே தள்ளும் சிறு மோட்டாரைப் பாருங்கள். பெரும்பாலும் இதே மூன்று காயில் மோட்டார்தான்.

அந்த ஞாயிறு மாலை கூடத்தில் பாதையை இணைத்துப் போட்டி நடந்தது. பத்துச் சுற்றில் சிவப்பு வளைவில் ஒருமுறை பாதையை விட்டுப் பறந்தது. இரவு போன் வந்தது. வழக்கமான கேள்வி. "உங்க வண்டிதான்பா ஜெயிச்சுது" என்றான். வழக்கமான பதில்தான். ஆனால் மூன்று மாதத்தில் முதல் முறையாக அது நிஜம்.